சித்தூர் கோயில் வாசலில் எட்டாம் நம்பர் ஷூ

பொங்கல் முடிந்த சனிக்கிழமை நகரியிலிருந்து திருப்பதி போய், அங்கிருந்து சித்தூருக்குப் போனேன். பெருமாளைப் பார்க்க அல்ல, ஒரு கிறிஸ்தவப் புனிதரின் சிலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க. அதற்கு நீ ஏன் அலைகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். சிலை செய்கிற ஆளைக் காட்டிக்கொடுத்தது நான், அதனால் நான்தான் போக வேண்டும் என்றேன். வீட்டில் ஓடும் பவர்லூம் தறிச் சத்தத்திலிருந்து ஒரு நாள் தப்பிக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சிலை என் சிநேகிதி மேரி சொல்லிச் செய்தது. எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள், சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே மாதா கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறாள். பத்தாவது தாண்டிவிட்டால் ஒரு பிள்ளையும் வகுப்புப் பக்கம் வருவதில்லை, அதுதான் அவளுக்குக் கவலை. அதற்கு மருந்தாக அவள் கண்டுபிடித்தவர்தான் இந்தப் புனிதர்.

இத்தாலிக்காரப் பையன். பெயரை மேரி மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள், மூன்று தடவையும் என் வாயில் நுழையவில்லை. எனக்கு அவர் ஷூ புனிதர். ஜீன்ஸ், ஷூ போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரும் நாய்க்குட்டியுமாகத் திரிந்தவர். பூசையில் தருகிற நற்கருணை அப்பத்தில் உலகம் முழுக்க நடந்த அற்புதங்களைச் சேர்த்து இணையத்தில் போட்டார். வீடியோ கேம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று தனக்குத் தானே கணக்கு வைத்தார் (என் வீட்டில் ஐம்பது வயது ஆளுக்கே அது முடியவில்லை). தெருவில் படுத்திருப்பவர்களுக்குக் கைக்காசைக் கொடுத்தார். பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து சில நாளில் போய்விட்டார். கல்லறையில்கூட ஷூவோடுதான் படுத்திருக்கிறாராம்.

காலை 7.10க்கு நகரியில் பஸ். ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஆந்திராக்காரப் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதார் கார்டு கையில் இருக்க வேண்டும். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மேரி காத்திருந்தாள். அங்கிருந்து திருச்சானூர் ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய்.

அங்கே பொம்மை செய்கிற முனிரத்தினம் அண்ணன் துணியை விலக்கினார். மூன்றடி ஃபைபர் சிலை. சுருட்டை முடி, சிரிப்பு, தோளில் பை, எல்லாம் அச்சு அசல். காலில் மட்டும் ஒன்றும் இல்லை. பத்து விரலும் அழகாகத் தெரிந்தன.

மேரி குனிந்து அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். ஷூ எங்கே என்று நான்தான் கேட்டேன். அண்ணன் பதறவே இல்லை.

"தேவுடுக்கு எவனாச்சும் பூட்ஸ் போடுவானாம்மா? முப்பது வருசமா செஞ்சிக்கினு கீறேன். போட்டோவுல ஷூ கீதுதான். ஏதோ தெரியாம எடுத்துட்டாங்கன்னு வுட்டுட்டேன்."

"உங்க ஊரு பெருமாள் தெனம் திருச்சானூருக்கு நடந்து வந்து செருப்பு தேஞ்சு பூடுதுன்னு சொல்றாங்களே அண்ணா?" என்றேன்.

"அது தனியா வெப்பாங்க. கால்ல மாட்டி நிக்க வெக்க மாட்டாங்க."

காலைத் திருத்திப் பெயின்ட் காய இரண்டு நாள் ஆகும் என்றார். அன்று மாலை ஐந்தரைப் பூசையில் மாதா கோயில் சாமியார் ஜெபம் சொல்லிச் சிலையை மந்திரிக்க வேண்டும். மேரி மெதுவாகச் சொன்னாள்:

"உங்கள மாதிரி ஷூ போட்டவரு வர்றாருன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன்டி. பதினோரு பேரு வர்றேன்னு சொல்லிக்கீறாங்க. இவரும் வெறுங்கால்ல நின்னா, டீச்சர் புளுகிட்டாங்கன்னு பூடுவாங்க. அப்புறம் எதைச் சொல்லி கூப்புடுவேன்?"

எனக்கு அண்ணன் சொன்னதே காதில் நின்றது. தனியாக வைக்கலாம் என்றால் ஷூவையும் அப்படி வைத்துவிடுவோமே. திருப்பதிக்குத் திரும்பினோம், பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு செருப்புக் கடை. சிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். உள்ளே கடைக்காரர் வயது கேட்க, மேரி பதினைந்து என்றிருக்கிறாள். வெள்ளை ஷூ, 450 ரூபாய். பெட்டியைக் கட்டி வாங்கிக்கொண்டு ஓடினோம்.

சித்தூர் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். 2.15 பஸ்ஸில் சிலையை எங்கள் நடுவில் உட்கார வைத்தோம். முகம் மட்டும் துணிக்கு வெளியே. கண்டக்டர் எங்கள் ஆதாரைப் பார்த்துவிட்டு, பாபுவுக்கு, அதாவது பையனுக்கு, எத்தனை வயது என்று கேட்டார். பதினைந்து என்றேன். ஆண்பிள்ளைக்கு இலவசம் இல்லை, முழு டிக்கெட் என்று கிழிக்கவே போய்விட்டார். கிட்ட வந்து பார்த்ததும் அவர் சிரித்த சிரிப்பில் முன்சீட்டில் தூங்கின குழந்தை எழுந்துவிட்டது. டிக்கெட் போடவில்லை.

கோயிலில் சிலையைப் பீடத்தில் ஏற்றி, பெட்டியைத் திறந்தோம். எட்டாம் நம்பர் ஷூ. சிலையின் காலுக்கு இரண்டு பக்கமும் வைத்தோம். பதினைந்து வயதுக்குச் சரி, மூன்றடிச் சிலைக்கு முழங்காலில் பாதி வரை வந்தது. இரண்டு படகுக்கு நடுவில் பிள்ளையை நிறுத்தின மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, மேரிக்குக் கண்ணில் தண்ணீர். போதாக்குறைக்கு, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வந்து, பீடத்தில் செருப்பா என்று எடுத்து மேரி கையில் கொடுத்துவிட்டார்.

"புனிதரா இருந்தா இன்னா? யாரு செருப்பா இருந்தாலும் வாசல்லதான்."

மேரி ஷூவோடு வெளியே போனாள். வீசிவிடப் போகிறாள் என்று பின்னாலேயே ஓடினேன். வாசல்படியில் எல்லாரும் செருப்பு விடுகிற இடத்தில் குனிந்து, அவற்றை ஒட்டி வைத்தாள். நாடாவைக்கூட உள்ளே செருகினாள்.

ஐந்தே காலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பதினோரு பேர் இல்லை, ஏழு பேர். ஒரு பெண் படியிலேயே நின்றுவிட்டாள்.

"யார்து டீச்சர் இது? புதுசா கீது."

"உங்களுக்கு முன்னாடி வந்துட்டவரோடது."

அவர்களில் நெட்டையாக இருந்த ஒருவன் எட்டி, பீடத்தில் வெறுங்காலோடு நின்றவரைப் பார்த்தான். பிறகு தன் ஷூவைக் கழற்றி, அதன் பக்கத்தில் வைத்து அளந்தான்.

"என் சைஸ்தான்," என்றான். ஏழு ஜோடியும் வரிசையாக அங்கேயே சேர்ந்தன. பூசை முழுக்க மேரி திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒருவரும் நடுவில் எழுந்து போகவில்லை.

நான் சாமி கும்பிடுகிற விதம் வேறு. ஆனாலும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிற பழக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த இத்தாலிப் பையனையும் அதுதான் அன்று சித்தூர்க்காரர் ஆக்கியது.

நீங்களும் போவதாக இருந்தால், திருப்பதியில் மதியத்துக்குள் பஸ் ஏறிவிடுங்கள், மாலையில் கூட்டம் நெரியும். பெரிய சாமான் இருந்தால் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள், எல்லாக் கண்டக்டரும் சிரிக்க மாட்டார்கள். கோயில் வாசலில் வலப்பக்கம் ஒரு ஜோடி வெள்ளை ஷூ இருக்கும். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்து ஓரம் வைத்துவிடாதீர்கள். ஆள் உள்ளேதான் இருக்கிறார்.