பெருமாள் மேல் போர்த்திய பட்டு

அத்தாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை ஆணி நிமிர்த்தியது. பழைய பெட்டிகளிலிருந்து பிடுங்கிய வளைந்த ஆணிகள். அவர் கருங்கல்லின் மேல் வைத்துப் பிடிப்பார், நான் சுத்தியலால் தட்டுவேன். நிமிர்ந்ததைத் தகர டப்பாவில் போடுவார். இந்த ஆணிகளை அடிக்க இனிப் பெட்டி எதுவும் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவர் அடுத்த ஆணியை எடுத்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

என் தகப்பனார் முகம்மது கனி ராவுத்தர் என்றால் திருச்சிப் பெரிய கடைவீதியில் தெரியாதவர் கிடையாது. சரவிளக்கு, பீங்கான் ஜாடி, நிலைக்கண்ணாடி என்று உடையக்கூடிய பழம்பொருள் எதை ரயிலில் அனுப்பினாலும் அத்தாதான் பெட்டி கட்டுவார். போன வருஷத்து வைக்கோல்தான் வைப்பார். புது வைக்கோல் காய்ந்து சுருங்கினால் உள்ளே பொருள் ஆடும். மூடிய பெட்டியைப் புரட்டிப் பார்த்து, ஒன்றும் அசையவில்லை என்றால்தான் ஆணி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் டிராயிங் போடுகிறேன் என்றால், அந்தப் படிப்பு அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தது.

அவரைக் கெடுத்தது ஒரு பட்டுத் துணி.

ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதியில் கோமளவல்லி அம்மாள் என்று ஒரு விதவை. அவர் வீட்டில் கண்ணாடியில் தீட்டிய பள்ளிகொண்ட பெருமாள் படம் ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்தது. மகள் கல்யாணத்துக்காக அதை விற்றார். தரகர் அமிர்தராஜ் வாங்கி, மதராஸ் வியாபாரி ஒருவருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அத்தா அந்த வீட்டுக்கே போய்ப் படத்தை வைக்கோலில் பதித்துவிட்டு, வண்டி கூப்பிடப் போனார். திரும்பி வந்தால், அந்த அம்மாள் படத்தை எடுத்துப் பட்டில் சுற்றி மறுபடி வைத்திருந்தார்.

"பட்டு வழுக்குமேம்மா" என்றார் அத்தா.

"பெருமாள் வைக்கோல்லயா எழுந்தருளுவார், ராவுத்தரே? எங்காத்துக்காரரோட அங்கவஸ்திரம். போய்ச் சேர்ந்ததும் இத மட்டும் திருப்பி வாங்கிக் குடுத்துடுங்கோ."

உருவி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. "சாமி மேல போர்த்தினத நான் எப்படித் தம்பி உருவுறது?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கோலைத் திணித்து ஆணி அடித்துவிட்டார். பெட்டியைப் புரட்டிப் பார்க்கவில்லை. பெருமாளைத் தலைகீழாகக் கவிழ்ப்பதை அந்த அம்மாள் கண்ணெதிரே செய்ய மனம் வரவில்லையாம்.

வைக்கோல் மரச்சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும். பட்டு பிடிக்காது. வண்டி குலுங்கும்போதெல்லாம் படம் வழுக்கிப் போய்ப் பலகையில் இடித்திருக்கிறது. மதராஸில் திறந்தபோது பெருமாளின் பாதத்துப் பக்கம் முழுக்கத் தூள்.

பெட்டி அப்படியே அமிர்தராஜ் கடைக்குத் திரும்பி வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் அத்தாவோடு போயிருந்தேன்.

"பெட்டிக்கு வெளியில அடி இல்ல. கட்டினதுலதான் கோளாறு. கம்பெனி தராது" என்றார் சர்வேயர். "இந்தப் பட்ட யாரு சுத்தினது?"

அந்த அம்மாள் கை வைத்தார் என்றால் அமிர்தராஜ் அவரிடம் படத்துக்குக் கொடுத்த கிரயத்தைத் திருப்பிக் கேட்பார். கட்டியவர் செய்தது என்றால் அத்தாவின் பேர் போகும். வேறு வழி இல்லை.

"நான்தாங்க" என்றார் அத்தா.

"அத்தா!" என்று கத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

அமிர்தராஜ் சிரித்தார். "கண்ணாடிக்குப் பட்டுக் கட்டி மாப்பிள்ளை ஊர்வலம் விட்டீராக்கும்? இனிமே கறிவேப்பிலைக் கூடை கட்டும். அது உடையாது." அங்கவஸ்திரத்தைச் சுருட்டி அத்தாவின் மேல் எறிந்தார். எறிந்த கையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தா என் மணிக்கட்டை விடவில்லை.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் அத்தா சொல்லல?"

"அந்தப் பணத்துல கல்யாணம் முடிஞ்சு போச்சுப்பா. பொண்ணத் திருப்பி அனுப்பச் சொல்லவா?"

"உங்க பேரு?"

"தெரிஞ்சுதானே ஆணி அடிச்சேன்."

இது ஒரு பதிலா? அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. தெரிந்து ஆணி அடித்தவர் ஒருவர், தெரியாமல் பட்டுச் சுற்றியவர் ஒருவர், படத்தைத் தொடாமலே லாபம் பார்க்க இருந்தவர் ஒருவர். முழுப் பழியையும் சுமந்தது ஒருவர் மட்டும். கடைவீதியில் அதன் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அங்கவஸ்திரத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை விரலால் பொறுக்கி எடுத்தார். அலசி வெயிலில் உலர்த்தி மடித்தார். வெள்ளிக்கிழமைதோறும், "ஜும்மா முடிஞ்சு ஸ்ரீரங்கம் போய்க் குடுத்துட்டு வந்துடுறேன்" என்பார். காவேரிப் பாலம் வரை போய்விட்டுத் துணியோடு திரும்பி வருவார். கொடுத்தால் அந்த அம்மாள் முதலில் கேட்பது, பெருமாள் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாரா என்பதாக இருக்கும். சர்வேயரிடம் பொய் சொல்ல முடிந்தவருக்கு அங்கே முடியவில்லை.

ஆணி நிமிர்த்திய வாரமே காய்ச்சலில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாளில் கோமளவல்லி அம்மாள் வீட்டு வேலையாள் மருதை வந்து வாசலில் நின்றார்.

"அம்மா அனுப்பிச்சாங்க. பொண்ணு வீட்டுக்கு ரெண்டு கண்ணாடி விளக்கு அனுப்பணும். ராவுத்தர்தான் கட்டணுமாம். பெருமாளையே அலுங்காம கொண்டு சேர்த்தவராச்சே."

எல்லாம் வாய் வரை வந்தது.

"அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றேன்.

மருதை தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். போகத் திரும்பியவர், "அந்தப் பட்டு வந்துச்சான்னும் கேக்கச் சொன்னாங்க" என்றார்.

"வந்துச்சு. நானே கொண்டாந்து தரேன்னு சொல்லுங்க."

நான் இன்னும் போகவில்லை. போனால் அத்தா மறைத்ததை நான் சொல்லிவிடுவேன். சொல்லத்தான் வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோன்றுகிறது. அங்கவஸ்திரம் ஆணி டப்பாவின் மேல், அவர் மடித்து வைத்த மடிப்பிலேயே இருக்கிறது.