மேட்டு லயத்திலிருந்து வந்த தீ

நான் இந்தத் தோட்டத்துப் பெண் இல்லை. வரக்காப்பொலப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். கல்யாணம் கட்டித்தான் ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். வந்த மூன்றாம் மாதமே புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை வருவார். அப்படித் தனியாக நின்ற என்னை முதலில் கூப்பிட்டுப் பேசியது மேட்டு லயத்து அக்காதான். சொந்தக்காரி இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கொழுந்தெடுப்பவர். என் மகள் பிறந்தபோது தோட்டத்து லொறியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு பலாங்கொடை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவர். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. மேட்டு லயத்தில் பதினான்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு சரிவு, ஏறினால் பத்து நிமிஷம், அதன் ஓரத்தில் ஒரு ஓடை. முன்னே அது நல்ல தேயிலை மலையாம். நிர்வாகம் கைவிட்டபின் மானாப் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மேட்டு லயத்துக்கும் மேலே மலை உச்சி வரை பைனஸ் காடு.

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. மாசியில் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயில் தண்ணீர் நூலாகிவிட்டது. பைனஸ் காட்டில் நடந்தால் காய்ந்த ஊசி இலை காலுக்கடியில் பப்படம்போல நொறுங்கும். ஒரு நாள் காலையில் உச்சியில் புகை தெரிந்தது. யார் வைத்த நெருப்பு என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டைக் கலைத்துவிட்டு, பிள்ளைகளை லயத்துக் கிழவிகளிடம் விட்டுவிட்டு, இரண்டு லயத்து ஆட்களும் மேலே ஏறினோம். தீயணைக்கும் வண்டி தொழிற்சாலை வரைக்கும்தான் வந்தது, அதற்குமேல் பாதை இல்லை. கிராம சேவகர் வந்தார். மலைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் கத்தியோடு வந்தார்கள். எங்கள் கையில் இருந்ததெல்லாம் பச்சைக் கொப்பும் நனைத்த சாக்கும்தான். அடிப்போம், அணையும், ஐந்து நிமிஷத்தில் பின்னாலிருந்து மறுபடி பிடிக்கும். அக்காவும் நானும் ஒரே சாக்கை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு அடித்தோம். புகையில் இருமி இருமி அவர் சிரிப்பார். "மூஞ்சப் பாரு, கரிச்சட்டி மாதிரி" என்பார். பகல் ஒரு மணிபோல உச்சியில் நெருப்பு அடங்கியது. அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

மேட்டு லயத்து ஆண்கள் நாலைந்து பேர் ஒதுங்கி நின்று ஏதோ பேசினார்கள். அக்காவின் புருஷனும் அதில் இருந்தார். அவர் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா போய்ப் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ கீழ போ புள்ள. காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ. போயி புள்ளைக்குச் சோறாக்கு."

"இன்னும் பொகையுதேக்கா."

"அதெல்லாம் அணைஞ்சிருச்சி. நாங்க பாத்துக்கிறோம். ஒங்க லயத்து ஆளுங்களையும் கூட்டிட்டுப் போ. எல்லாரும் களைச்சிப் போயிருக்காங்க."

நான்தான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு தாத்தா இருக்கிறார். பென்ஷன் போனவர், ஒரு பசு வளர்க்கிறார். அவருக்கு இறங்க மனமில்லை.

"ஓடைப் பக்கம் பாரு, பொகை கருப்பா வருது. பச்சையில புடிச்சிருக்கு. இப்ப போகக்கூடாது" என்றார்.

"அக்கா சொல்றாங்க தாத்தா. அவங்க பொய்யா சொல்வாங்க? வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் உலை வைத்தேன். மகளுக்கு முகம் கழுவிவிட்டேன். அரிசியைக் களைந்து போடவில்லை, அதற்குள் ஒரு சத்தம். பெரிய மழை தகரத்தில் விழத் தொடங்கினால் வருமே, அப்படி. மழைதான் என்று நினைத்து நான் சந்தோஷமாக வெளியே ஓடினேன்.

சரிவு முழுக்க நெருப்பு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே கோடாக இறங்கி வந்துகொண்டிருந்தது. காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளியது. மேட்டு லயத்துக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அக்காவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அக்கா வெந்துபோய்விட்டாரோ என்று.

பிறகு யோசிக்க நேரம் இருக்கவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். தாத்தா மட்டும் திரும்பி ஓடிப் பசுவின் கயிற்றை அறுத்துவிட்டார். அது முதுகில் தீப்பொறியோடு ரோட்டில் கத்திக்கொண்டு போனது. சிங்களக் கிராமத்து ஆட்கள் மருந்தடிக்கும் டாங்கிகளில் தண்ணீர் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு குறுக்கு வழியாக ஓடி வந்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால் ஆறு வீடும் போயிருக்கும். மூன்று மிஞ்சியது, மூன்று போனது. தாத்தாவின் காம்பரா, அதற்கடுத்த காம்பரா, என் காம்பரா, மூன்றும் கூரை விழுந்து எரிந்தன. என் தையல் மெஷின், மகளின் பிறப்புப் பத்திரம், என் கல்யாணப் படம், உலை வைத்த சட்டி.

அன்று பொழுது சாயும் நேரம் எங்களைப் பிள்ளைக்காம்பராவில் தங்க வைத்தார்கள். மேட்டு லயத்துப் பெண்கள் அண்டாவில் சோறும் பருப்பும் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய லயத்தில் ஒரு தகரம்கூடக் கருகவில்லை. அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவி, "விடுங்கக்கா, உசுரு இருக்குல்ல, அது போதும்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் பிசைந்து கொடுத்த சோற்றை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ஆறுதலையும் சோற்றையும் நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது, வீட்டை நினைத்தால்கூட அவ்வளவு இல்லை.

மறுநாள், தண்ணீர் டாங்கியோடு வந்தவர்களில் ஒருவர், கையில் கட்டுப் போட்டிருந்தவர், எங்களைப் பார்க்கப் பாண் ரொட்டியும் தேயிலைத் தூளும் கொண்டு வந்தார். நான் நன்றி சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி நின்றார். பிறகு, "நங்கி, ஒயாலகே மினிஸ்சுமனே கிந்தர திப்பே" என்றார். தங்கச்சி, உங்கள் ஆட்கள்தானே நெருப்பு வைத்தார்கள்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஊருக்குத் திரும்பும் வழியில் மலை முகட்டில் நின்று பார்த்ததை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். பறந்து வந்த பொறி ஒன்று சரிவின் ஓரத்தில், ஓடைப் பக்கம் மானாவில் பிடித்திருக்கிறது. மலையில் நெருப்பு மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், ஓடைப் பள்ளத்தில் காற்றும் அதை மறிக்காது. அது மேட்டு லயத்தைத் தொடுவதற்குள், அவர்கள் தங்கள் வேலியோரத்தில் வரிசையாக நின்று மானாவைக் கொளுத்தியிருக்கிறார்கள். காற்று அதைக் கீழே கொண்டுபோகும் என்று தெரிந்துதான் கொளுத்தியிருக்கிறார்கள். எரிந்து தீர்ந்த நிலத்தில் ஓடைப் பக்கத்து நெருப்புக்கு ஏற வழியில்லை. அவர்கள் தப்பித்தார்கள்.

நான் மகளைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு நேரே மேட்டு லயத்துக்கு ஏறினேன். வழியெல்லாம் சாம்பல், செருப்பு சுட்டது. அக்கா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே சுளகைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்கதான் வச்சீங்களாக்கா?"

அவர் மறுக்கவில்லை. அதற்கு நான் தயாராக வரவில்லை.

"ஆம்பளைங்க முடிவு எடுத்தாங்க" என்றார். "எம் மக நெறமாசம் புள்ள. உள்ள படுத்திருந்தா. எங்க தூக்கிட்டு ஓடுறது?"

"நெருப்பு வச்சதக் கேக்கல. ஏன் என்னைப் பொய் சொல்லி அனுப்புனீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த அரை மணித்தியாலத்துல வீட்ட ஒழிச்சிருப்போம். பின்னால இருக்கிற புல்ல வெட்டியிருப்போம்."

"சொல்லியிருந்தா நீங்க வைக்க விட்டிருப்பீங்களா?"

நான் திரும்பிக் கீழே கருகிக் கிடந்த எங்கள் லயத்தைப் பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நாங்க பதினாலு வீடு புள்ள. நீங்க ஆறு. அத எண்ணித்தான் பாத்தாங்க."

அப்படியானால் பேசி, எண்ணி, எங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்து சோறாக்கப் போகச் சொல்லியிருக்கிறார். லயத்தில் என் மகள் இருந்தது அவருக்குத் தெரியும். "போன் அடிச்சேனே, மூணு தடவ அடிச்சேன்" என்றேன். "பாத்தேன்" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் இறங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் பொலிசில் விசாரணை. தீ எப்படிக் கீழே வந்தது என்று தோட்டத்து ஆட்களிடம் மட்டும் வாக்குமூலம் எடுத்தார்கள். அங்கே தமிழ் தெரிந்த ஆள் அன்று இல்லை. மேட்டு லயத்துப் பெண்களுக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் வரும். இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறவள் என்று தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். வீடு எரிந்தவளையே மொழிபெயர்க்க வைக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நான்காவதாக அக்கா வந்து எதிரே உட்கார்ந்தார். அதிகாரி கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காத்து அடிச்சிச்சிங்க. பைனஸ்ல இருந்து நெருப்பு பறந்து வந்து மானாவுல விழுந்திருச்சி. நாங்க யாரும் பக்கத்துல இல்லீங்க."

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாயாலேயே என் வீடு எரிந்த பழியைக் காற்றின்மேல் போட்டேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எரிந்த வீட்டுக்காரி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"மேக அத்தத?" என்றார். இது உண்மையா?

அக்காவுக்கு அந்தளவு சிங்களம் புரியும். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாதபோது, அவர் முகத்தில் நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்ற நிச்சயம் இருந்தது. என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர். தெரிந்துதானே அன்றைக்கும் என்னிடமே வந்து சொன்னார், என் லயத்து ஆட்களை நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று.

"எயா கியன்னே எஹெமய்" என்றேன். அவர் சொல்வது அப்படி.

அதிகாரி அதை எழுதி முடித்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே மொழிபெயர்த்தவள் என்று நானும் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று புருஷன் கேட்டார், தாத்தா கேட்டார். அந்தப் பதினான்கு வீட்டுப் பிள்ளைகளில் எட்டுப் பேர் என் கையில் வளர்கிறார்கள், அவர்களுடைய அப்பாமாரை உள்ளே தள்ள மனமில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. வாயைத் திறந்தால் அக்காவைப்பற்றி மட்டும் அல்ல, தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியவளைப்பற்றியும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். தாத்தா இதுவரை அதை என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. பசு பிழைத்துக்கொண்டது. முதுகில் ஒரு சுளகளவுக்கு முடி இல்லை.

தோட்டம் தகரம் கொடுத்தது. கூரை போட மேட்டு லயத்து ஆண்கள் கூப்பிடாமலே வந்தார்கள். அக்காவின் புருஷன் கூரைமேல் ஏறி ஆணி அடித்தார். நான் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அக்காவின் மகளுக்குப் பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அந்தக் குழந்தை என்னிடம்தான் வருகிறது. காலை ஏழு மணிக்கு அக்கா கொண்டு வந்து தருவார். பால் குடித்ததா, இருமல் இருக்கிறதா, அவ்வளவுதான் பேச்சு. குழந்தைக்கு அக்காவின் நெற்றி. தொட்டிலில் போட்டால் என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும், அதை எடுக்க எனக்கு மனம் வராது.

இந்த வருஷம் மாசியிலும் வெயில் கடுமை. புருஷன் லீவு போட்டு வந்து, எங்கள் லயத்துக்கு மேலே மானாவைத் தீ தாண்டாதபடி அகலமாக வெட்டி, மண் தெரியக் கொத்தினார். நாங்கள் ஆறு வீட்டாரும் சேர்ந்துகொண்டோம். வழக்கமாகப் பைனஸ் பக்கம்தான் அப்படி வெட்டுவார்கள். நாங்கள் வெட்டியது மேட்டு லயத்தைப் பார்த்த பக்கம். மலையிலிருந்து திரும்பிவந்த அக்கா கொழுந்துக் கூடையோடு மேலே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்களுக்கு எதிரா வெட்டுறியா புள்ள?" என்று கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன். மண்வெட்டியை நான் நிறுத்தவில்லை.