ஏழு விரலும் புது ரம்மியும்

எர்ணாவூர் பக்கம் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினேன். அது என் வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் ரம்மி ஆடுவோம். பதிமூன்று சீட்டை ஒரு கையில் விரித்துப் பிடித்து, இன்னொரு கையால் உருவ வேண்டும். என்னால் முடியவில்லை. மடியில் வைத்தால் பக்கத்தில் இருக்கிறவன் பார்க்கிறான். ஆட்டத்தையே விட்டுவிட்டேன்.

அப்புறம் திருவொற்றியூரில் ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. நான்கு கம்ப்யூட்டரை ஒயரில் இணைத்து ரம்மி போட்டிருந்தார்கள். சீட்டை மெஷின் பிடித்துக்கொள்ளும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சீட்டு சீட்டாக நகரும். 'ஏ' அழுத்தினால் எடுக்கலாம், 'டி' அழுத்தினால் இறக்கலாம். எல்லாம் இடது கைக்குக் கீழேயே. ஞாயிறு காலையில் அதே நான்கு பேர் போவோம். என்னை ஜெயிக்க அவன்கள் திணறினான்கள்.

ஒரு ஞாயிறு போனால் ஓனர் புது ரம்மியைப் போட்டு வைத்திருக்கிறார். படம் பளபளவென்று இருந்தது. நகர்த்த அம்புக்குறி, எடுக்க இன்சர்ட், இறக்க டெலிட். எல்லாம் கீபோர்டின் வலது பக்கம். பதினைந்து விநாடிக்குள் இறக்காவிட்டால் அதுவே ஏதோ ஒரு சீட்டை இறக்கிவிடும். இதைச் செய்தவனுக்குப் பத்து விரலும் இருந்திருக்கும். கீபோர்டை நகர்த்தலாமென்றால், தச்சர் அளவெடுத்துச் செய்த மரத்தட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வலது கையின் இரண்டு விரலுக்கு அந்த வேகம் வரவில்லை, இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி ஆடினேன். தோள் கடுத்தது. மூன்று வாரம் தொடர்ந்து தோற்றேன். பழையதைப் போடச் சொன்னேன். மற்றவர்களுக்குப் புதுசுதான் பிடித்திருக்கிறது என்றார் ஓனர்.

நான்காவது வாரம் ஜெயித்தேன். சிவப்பு ஆட்டின் ஒன்பது கீழே வந்தது, எடுத்து ஷோ வைத்தேன். ஷோ வைத்தால் எல்லார் சீட்டும் திரையில் விரியும். ஒன்பதை இறக்கியவன் கையில் ஆட்டின் ஏழு, எட்டு, பத்து. பக்கத்து நாற்காலிக்காரன், என்னோடு பத்து வருஷம் பிரஸ் ஓட்டியவன். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, வரிசையாகச் சேர்ந்த ரம்மியைப் பிரித்து எனக்குப் போட்டிருக்கிறான்.

"இன்னா மாமு, பிச்சையா?" என்றேன்.

"நீ பேஜாராயி வராம பூட்டா? அதாம்பா போட்டேன்."

"தோத்தா தோக்கறேன். என் ஆட்டத்த நீ ஆடாத."

அடுத்த ஞாயிறு ஸ்க்ரூடிரைவரோடு போனேன். தட்டின் இடப்பக்கப் பலகையைக் கழற்றப்போகிறேன் என்று ஓனரிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். கத்தினார். நாலு ஸ்க்ரூதான். கீபோர்டை இடப்பக்கம் தள்ளினேன். பாதி வெளியே தொங்கியது, தொடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டேன். டெலிட் இடது நடுவிரலுக்குக் கீழே வந்தது. தோளும் சும்மா இருந்தது.

அன்றைக்கு ஒருவனும் இரக்கம் காட்டவில்லை. ரம்மியே சேராமல் ஃபுல் கவுண்ட், எண்பது புள்ளி, வாங்கினேன். கையைக் குறை சொல்ல முடியாது, வந்த சீட்டு அவ்வளவு கேவலம். பக்கத்து நாற்காலிக்காரன் பல்லைக் காட்டினான்.

"எம்பது, மாமு. போயி டீ வாங்கினு வா."

நாலு டீ வாங்கிவந்து வைத்துவிட்டு, அடுத்த ஆட்டத்தைப் போடச் சொன்னேன்.