எலும்புக்கோட்டைக்குப் பயன் சொன்னவர்

தம்பிஐயா அண்ணைக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கந்தசட்டிக்குக் கோயில் மண்டபத்தில், என் பக்கத்துப் பாயில் இருந்து மறுபடியும் பயன் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதை இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று.

புளியங்கூடலில் எங்கள் கோயிலில் நான் கந்தபுராணப் பாட்டை இழுத்து வாசிப்பேன். அவர் அதன் பொருளைச் சனத்துக்கு விளங்கச் சொல்லுவார். அதைத்தான் பயன் சொல்லுதல் என்போம். பதினாறு வருஷம் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் இருந்தோம். என் வாசிப்பைக் கேட்க ஒரு குருவியும் வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருதரம் தூக்கக் கலக்கத்தில் ஒரு பாட்டை முழுதாக விட்டுவிட்டேன். அவர் அந்தப் பாட்டுக்கும் சேர்த்துப் பயன் சொல்லி முடித்தார், ஒருவருக்கும் தெரியவில்லை.

சிங்கமுகாசுரனின் தலைகளை முருகன் வெட்ட வெட்ட அவை திரும்பத் திரும்ப முளைக்கும் அல்லவா, அந்த இடம்தான் அவருடைய இடம். கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். பிறகு முருகன் போடுகிற அதட்டைத் தானே போடுவார். முளைக்க நின்ற தலைகள் பயந்து நின்றுவிடும். மண்டபத்தில் கைக்குழந்தைகூட அழாது.

ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குக் கிட்டக் குழந்தைவேலு முதலாளி படக் கூடாரம் அடித்தது முப்பதாம் ஆண்டில். கொழும்பில் படம் பேசத் தொடங்கிவிட்டதாம். அங்கே கழித்துவிட்ட ஊமைப் படங்கள் எங்கள் தீவுக்கு வந்தன. ஊமைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வருஷம் மழை ஏமாற்றி, அண்ணையின் தோட்டம் கருகிக் கிடந்தது. முதலாளி வந்து கூப்பிட்டார், இவர் போனார். நான் தடுத்தேனா என்றால் இல்லை. எனக்கும் ஓசியில் படம் பார்க்கிற ஆசை இருந்தது.

கோயில் மனேச்சர் அம்பலவாணர்தான் விடவில்லை. "பேய்க்குப் பயன் சொல்லுற வாய் முருகனுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணையின் இடத்துக்கு ஒரு பண்டிதர் வந்தார். இலக்கணம் சுத்தம், உச்சரிப்புச் சுத்தம். சனம் கொட்டாவி விட்டது.

கூடாரத்துக்கு வந்த படங்களில் ஊரைக் கலக்கியது 'எலும்புக்கோட்டை'. ஒரு வாள்வீரன், ஒரு எலும்புப் பேய், பாழடைந்த ஒரு கோட்டை. வெட்டுக்கும் குத்துக்கும் பயத்துக்கும் குறைவில்லை. கடைசிச் சுருள் மட்டும் வந்து சேரவில்லை. பேய் மதிலில் ஏறும் இடத்தில் திரை வெள்ளையாகிவிடும். பாவம் அண்ணை என்ன செய்வார்? வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே, வீரன் பேயின் தலையை வெட்டி, உடலை எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தான் என்று முடித்துவிட்டார். சனம் நிம்மதியாக வீட்டுக்குப் போனது.

படம் எடுத்தவன் எங்கோ பம்பாயில் இருந்தான். அவன் பேயைக் கொல்லவே இல்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பேய் நன்றாகக் காசு உழைக்கிறது என்று கண்டு, அவன் இரண்டாம் பாகமும் எடுத்துவிட்டான். அது எங்கள் தீவுக்கு வந்தது முப்பத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில், கந்தசட்டிக்குச் சரியாக முன்னால்.

அந்த வருஷம் அம்பலவாணரும் இறங்கி வந்திருந்தார். வெறும் மண்டபத்துக்குப் புராணம் படித்து அவருக்கும் அலுத்துவிட்டது. "சட்டி தொடங்க முந்திக் கூடாரத்தை விட்டுப்போட்டு வாரும். பாய் உமக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார். அண்ணை அன்றைக்கே முதலாளியிடம் போனார். முதலாளி சிவப்புத் தாளில் அடித்த நோட்டீசைக் காட்டினார். பேயின் படத்தைவிடப் பெரிதாக இருந்தது தம்பிஐயாவின் பெயர்.

"மூண்டே மூண்டு நாள் அண்ணை. தொடக்கத்துக்கு உங்கடை குரல் இல்லாட்டி ஒரு சனமும் வராது. சட்டிக்கு முதல்நாள் நானே உங்களைக் கொண்டுபோய் விடுறன்."

இவர் சரி என்றார். முடியாது என்று சொல்லவும் உடம்பில் பலம் வேண்டும். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு வருஷக் கத்தல், தொண்டையில் எந்த நேரமும் கொத்தமல்லித் தண்ணீர். அந்த மனிதனிடம் அந்தப் பலம் இல்லை.

விளம்பரத்துக்கென்று முதலாளி ஒரு கூத்துச் செய்தார். மாட்டுவண்டியைச் சுற்றி உண்மையான எலும்புகளைக் கட்டித் தொங்கவிட்டார். முன்னால் பறைமேளம், உள்ளே தகரக் குழலோடு தம்பிஐயா அண்ணை. அல்லைப்பிட்டியில் புறப்பட்ட வண்டி நாரந்தனைக்கு வரும்போது தீவிலிருந்த நாய் முழுக்க அதன் பின்னால் வந்தது. "இரத்தம் உறைய வைக்கும் எலும்புக்கோட்டை, இரண்டாம் பாகம்" என்று அண்ணை குழலில் கத்த, நாய்கள் சேர்ந்து ஊளையிட்டன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன அண்ணை, பூதப்படையோடையோ வாறியள்?"

"சும்மா இரும் இலட்சுமணன். தொண்டை கிழியுது. மூண்டு நாளோடை முடிஞ்சுது, பிறகு பாயிலை வந்து இருக்கப்போறன்."

முதல்நாள் கூடாரத்தில் எள் போட இடமில்லை. விளக்கை அணைத்துப் படம் ஓடத் தொடங்கியதும் முதல் காட்சியிலேயே பேய் கோட்டை வாசலால் நடந்து வந்தது. தலை கழுத்தில் இருந்தது. உடம்பில் ஒரு எலும்பு குறையவில்லை. எங்கள் ஊர் யோகம்மா, கோயிலிலும் கூடாரத்திலும் முன் வரிசையை விடாதவள், முதலில் கேட்டாள்.

"தம்பிஐயா அண்ணை, உவனைச் சாம்பலாக்கிக் கடலிலை கரைச்சனியள் எல்லோ? இப்ப எப்பிடி வந்தவன்?"

அவள் கேட்டதுதான் தாமதம், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பொய்க்காரன் என்று ஒருவன் கத்தினான். பின்னால் சனம் இருந்த வாங்குகள் புரண்டன. "அண்ணை, என்னத்தையாவது சொல்லுங்கோ" என்று முதலாளி கெஞ்சினார். அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பதினாறு வருஷம் நான் பாட்டு எடுத்துக் கொடுக்க அவர் சொன்னவர். அன்றைக்கு எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் குனிந்துகொண்டேன்.

அப்போது அவர் மூச்சைப் பிடித்தார். அந்த மூச்சு எனக்குத் தெரியும். வேண்டாம் அண்ணை என்று மனதுக்குள் கத்தினேன்.

"வெட்டினது உண்மை. எரிச்சதும் உண்மை. ஆனா வெட்ட வெட்ட உவனுக்குத் தலை முளைக்கும். ஒண்டு விழ ஒண்டு முளைக்கும்" என்றார்.

கூடாரம் அடங்கிவிட்டது. படம் முடியும் நேரத்தில் வாள்வீரனுக்காக அந்த அதட்டையும் போட்டார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. மூன்று நாளும் அதட்டைக் கேட்கவென்றே வேலணையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

"அண்ணை, அது எங்கடை பாட்டெல்லோ" என்றேன், முதல்நாள் வெளியில் வந்ததும்.

"தெரியும். வேறை ஒண்டும் வாயிலை வரேல்லை. களைச்சுப்போனன் இலட்சுமணன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூன்றாம் நாளோடு கூடாரத்தை விட்டார். சட்டி தொடங்கியதும் தோய்ந்து குளித்து, விரதம் பிடித்து, என் பக்கத்துப் பாயில் வந்து இருந்தார். குரல் கரகரத்தது, ஆனாலும் வந்தது. நாலு நாளும் மண்டபம் நிறைந்தது. அம்பலவாணர்கூட ஒருதரம் சிரித்தார். எனக்கு இருந்த சந்தோசத்தில் இரண்டு பாட்டை ராகம் மாற்றிப் பாடிவிட்டேன்.

ஐந்தாம் நாள் சிங்கமுகாசுரன் வதை. நான் பாட்டை வாசித்து நிறுத்தினேன். அண்ணை மூச்சைப் பிடித்தார். "வெட்டிய தலை மறுபடியும் முளைத்தது" என்று தொடங்கினார். எங்கோ ஒருவர் கெக்கட்டமிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் ஆளை முழங்கையால் இடித்தார். அண்ணை விடாமல் சொல்லிக்கொண்டு போய் அதட்டைப் போட்டார். சனம் கைதட்டியது. சாமி சன்னிதியில், கூடாரத்தில் தட்டியது போலவே தட்டியது.

யோகம்மா மட்டும் தட்டவில்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. தலை முளைக்கிறது எலும்புக்கோட்டைக் கதையெல்லோ. அந்தப் பேயின்ரை கதையை ஏன் முருகன்ரை கதைக்குள்ளை கொண்டுவந்து போட்டனியள்?"

"ஓம், ஓம்" என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். "இது பாட்டிலை கிடக்கு பிள்ளை. ஆதியிலை இருந்தே கிடக்கு." ஒருவரும் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அண்ணையின் வாயில் இருந்தது. அம்பலவாணரும் அவரைத்தான் பார்த்தார்.

"பிழை என்ரைதான் தங்கச்சி" என்றார் தம்பிஐயா அண்ணை. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பாயை விட்டு எழும்பினார்.

நான் பின்னால் ஓடினேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். பாட்டில் இருக்கிறது என்று நீங்கள் ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று சண்டைக்கே போனேன்.

"அவளுக்குப் பாட்டோ தெரியும் இலட்சுமணன்? பதினாறு வருஷமா என்ரை வாயைத்தானே தெரியும். அந்த வாயாலைதானே அங்கையும் சொன்னனான். முந்தி இங்கை கேட்டதை மறந்திட்டாள், கடைசியாக் கேட்டதுதான் காதிலை நிக்கும்" என்றார்.

மறுநாள் சூரன் வதை. நான் வாசித்தேன், பண்டிதர் பயன் சொன்னார். அண்ணை சனத்தோடு சனமாக, யோகம்மாவுக்குப் பின்னால் நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பண்டிதர் ஒரு இடத்தில் பிழையாகச் சொன்னார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் வாய் திறக்கவில்லை.