வண்டி நிறுத்தக் கூடாத இடம்

அந்தக் கம்பத்தின் சாவி என்னிடம்தான் இருந்தது. அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருப்பேன்.

அம்பாசமுத்திரத்தில் நெல் வியாபாரம் செய்த ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில். அவருடைய வீடு தேர் ஓடுகிற தெருவில் மூலைவீடு. பழைய வீடு, காரை உள்ளே விட வழியில்லை. பக்கச் சுவரை ஒட்டி ஒரு கார் நிற்கிற அளவுக்கு மண் தரை உண்டு. பட்டா முதலாளி பெயரில். ஆனால் வேலி கிடையாது. ரோடும் அதுவும் ஒரே மட்டம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பதால் கண்டவனும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். குற்றாலம் சீசனில் வேன். அமாவாசைக்குப் பாபநாசம் போகிற கார். நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் எப்போது வருவான் என்று தெரியாது.

முதலில் சுவரில் எழுதினோம். 'இங்கு வண்டி நிறுத்தக் கூடாது. மீறினால் காற்று பிடுங்கப்படும்.' எழுத்துக்குக் கீழேயே நிறுத்தினார்கள். ஒரு வேனுக்கு நான் காற்றைப் பிடுங்கினேன். அது போக முடியாமல் மறுநாள் சாயங்காலம் வரை அங்கேயே நின்றது. காற்றுப் பிடுங்குவதை அதோடு விட்டோம்.

பிறகு ஆட்டுரல். வீட்டில் கரண்டு கிரைண்டர் வாங்கியிருந்தார்கள். சும்மா கிடந்த ஆட்டுரலை உருட்டிவந்து நடுவில் போட்டேன். வருகிறவன் ஓரமாக உருட்டிவிட்டு நிறுத்தினான். கடைசியில் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்துப் பார்த்தோம். யாரோ பேய்க்குக் கழிப்புக் கழித்த இடம் என்று பயப்படுவான் என்று நினைப்பு. சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒருவன் புதுக் காரை அதன்மேல் ஏற்றி நசுக்கி நிறுத்தினான். இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆச்சிக்கு அன்று இழுப்பு வரும் வரை. முதலாளியின் மனைவியை ஆச்சி என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர்களுக்கு மூச்சிழுப்பு உண்டு. அன்று சந்தை நாள். நான் மில்லுக்குப் போய்த் திரும்பினால் இடத்தில் ஒரு வேன் நிற்கிறது. காரைச் சந்தைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது ஆச்சியின் உதடு நீலமாக இருந்தது. திரும்ப ஓடினேன். சந்தைக் கூட்டத்தில் காரை எடுத்து வர முடியவில்லை. ஹாரன் அடித்தால் மாடு விலகவில்லை, மனிதனும் விலகவில்லை. வந்து சேர்ந்தபோது முதலாளி வாசலில் ஆச்சியை நாற்காலியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பிழைத்தார்கள். திரும்பி வரும்போது முதலாளி ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஒரு கம்பத்த நடுலே."

வெல்டிங் பட்டறையில் செய்தது. இடத்தின் நடுவில் குழி தோண்டி ஓர் இரும்புக் குழாயைச் சிமெண்டு போட்டுப் புதைத்தார்கள். அதற்குள் இடுப்பளவு கம்பம் ஒன்று இறங்கும். குறுக்கே ஒரு கொண்டி, அதில் பூட்டு. கார் வெளியே போனால் கம்பத்தை இறக்கிப் பூட்டுவேன். வந்ததும் பூட்டைத் திறந்து உருவி எடுப்பேன். குழாய் வாய்க்கு ஒரு மூடி. அதன்மேல் கார் நிற்கும்.

நன்றாக வேலை செய்தது. தெருவுக்குத்தான் பிடிக்கவில்லை. யாரோ கம்பத்தில் ஆட்டைக் கட்டிவிட்டுப் போனான். பூட்டுத் துவாரத்தில் யாரோ சாணியை அப்பினான். நான் கழுவிவிட்டு எண்ணெய் போடுவேன்.

திருவிழாவுக்குக் கால் நாட்டியதும் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். கூடவே என் மச்சானும் வந்தார். என் மனைவியின் அண்ணன். மண்டியில் மூட்டை தூக்குகிறவர். தேரோட்டத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சறுக்குக்கட்டை வேலை. சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு மாதிரி ஒரு கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் நாங்கள்தான். மூலையில் திரும்பும்போது வீட்டுப்பக்கச் சக்கரம் அந்த மண் தரையில் ஏறித்தான் போகும். அந்தப் பக்கம் மச்சான். தெருப்பக்கம் நான்.

"அண்ணாச்சி, கம்பத்தை உருவினா மட்டும் போதாது. அடியில இருக்க குழாயையும் எடுத்துரணும்" என்றார் கமிட்டிக்காரர்.

"அது தரையோட தரையாத்தானவே கெடக்கு. மூடி போட்ருக்கேன்" என்றார் முதலாளி.

மச்சான் சொன்னார். "மூடி ஒங்க காருக்குத் தாங்கும். தேருக்குத் தாங்குமா?"

"என் பட்டா எடத்துல நான் குழி தோண்டக் கூடாதா வே?"

"தோண்டுங்க. சாமி பட்டா பாத்துத் திரும்பாதுல்லா, அதுக்காவச் சொல்லுதேன்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "குழாயைப் பிடுங்கிட்டு, நாளைக்கு அவளுக்கு இழுத்துதுன்னா? நீரு தூக்கிட்டு ஓடுவீரோ?"

"ஓடுவேன். நெல்லு மூட்டையவிடக் கனமாவா இருக்கப் போறாக?"

உள்ளேயிருந்து ஆச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. முதலாளி உள்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "எடுங்கவே" என்றார்.

கொத்தனார் வந்து குழாயைத் தோண்டி எடுத்தார். சிமெண்டை உடைத்து அள்ளினார். குழியில் மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றித் திமிசு போட்டு இடித்தார். நான் ஏறி மிதித்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. மச்சான் குதிகாலால் ஒரு மிதி மிதித்தார். அவர் ஒன்றும் சொல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை.

தேரன்று காரை மில்லில் விட்டேன். கம்பத்தை வீட்டு நடையில் படுக்கப் போட்டேன். ஆச்சியை மகள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. பக்கச் சுவர் ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். தேர் ஜன்னலுக்குக் கையெட்டுகிற தூரத்தில் போகும்.

மூலைக்குத் தேர் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வடம் பிடிப்பவர்கள் வேகமாக இழுத்தார்கள். நான் என் பக்கம் கட்டை கொடுத்தேன். தேர் திரும்பியது. மச்சான் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், சுவரோடு ஒட்டி, பின்சக்கரத்துக்குக் கட்டையோடு நின்றார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். முன்சக்கரம் மண் தரையில் ஏறியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழி இருந்த இடத்துக்கு வந்தது. தாண்டிவிடும் போலத்தான் இருந்தது.

தாண்டவில்லை. சத்தம்கூட இல்லை. சக்கரம் பைய உள்ளே இறங்கியது. மேலே சீலையும் குஞ்சமும் வீட்டுப் பக்கம் சாய்ந்தன. விசில் ஊதினார்கள். வடத்தைக் கீழே போட்டார்கள். நான் என் கட்டையை அடித்து இறுக்கிவிட்டு, குனிந்து அந்தப் பக்கம் பார்த்தேன். மச்சானின் கால் இரண்டும் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது.

"மச்சான்."

"இருக்கேன் மாப்ளே."

"அடி கிடி?"

"இல்ல. வழிதான் இல்ல."

தேர் சாய்ந்ததில் முன்னச்சின் முனை சுவரில் முட்டிக்கொண்டது. பின்னச்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை போகலாம், ஆள் போக முடியாது. முன்னே ஓர் அச்சு, பின்னே ஓர் அச்சு, ஒரு பக்கம் சுவர், தலைக்கு மேல் சாய்ந்த தேர். தேருக்கு அடியில் குனிந்து நுழையலாம். ஆனால் மரம் முனகிக்கொண்டே இருந்தது. இன்னும் இறங்கப்போகிறது என்று அந்தச் சத்தத்துக்கு அர்த்தம். நுழையும்போது இறங்கினால் அதோடு சரி.

"அசையாதீரும்" என்று கமிட்டிக்காரர் கத்தினார்.

"எங்க அசைய?" என்றார் மச்சான்.

மில்லிலிருந்து லாரி ஜாக்கி கொண்டுவந்தார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கினால் தேர் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் உள்ளே இருக்கும்வரை தூக்க முடியாது. தூக்காமல் அவர் வெளியே வர முடியாது. ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் என் மனைவி இருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். நான் முதலாளி வீட்டுக்குள் ஓடினேன்.

ஆச்சி ஜன்னலிலேயே இருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் மச்சானின் முகம். ஆச்சி ஒரு கையால் சொம்பைக் கம்பி வழியாக நீட்டி அவர் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். மறு கையால் விசிறினார்கள்.

"ஆச்சி, இந்தச் சொவத்துல எழுதிருக்கதை இன்னைக்குத்தான் பக்கத்துல பாக்கேன்" என்றார் மச்சான். "நானா வந்து நிக்கல. காத்தப் பிடுங்கிராதீக."

"சும்மா கெட வே, எழவெடுத்தவனே" என்றார்கள் ஆச்சி. அவர்களுக்கு லேசாக இழுக்க ஆரம்பித்திருந்தது. உள்ளே போங்க என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேர் மறுபடி முனகியது. ஜன்னல் சட்டத்துக்கு மேலே சுண்ணாம்பு உதிர்ந்து ஆச்சியின் மடியில் விழுந்தது. மச்சான் கண்ணை மூடித் திறந்தார். இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி பின்னால் வந்து நின்றார். ஜன்னலைப் பார்த்தார். தேக்குச் சட்டம், உருட்டுக் கம்பி. அவருடைய அப்பா வைத்தது.

"ஒடைலே."

"கடப்பாரை இல்ல மொதலாளி."

கொத்தனார் கடப்பாரையை எடுத்துப் போயிருந்தார். நான் சுற்றிலும் பார்த்தேன். எனக்குத் தோன்றுவதற்கு முன்னால் முதலாளி நடைக்குப் போய்விட்டார். கம்பத்தை இழுத்துக்கொண்டு வந்தார். பூட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் பிடித்தேன். கம்பத்தின் முனையை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் கொடுத்து, சட்டத்தில் ஊன்றி நெம்பினோம். கம்பி அசையவில்லை. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பத்தின் மறுமுனையில் வயிற்றைப் போட்டுத் தொங்கினார். ஒரு கம்பி வளைந்தது. அடுத்ததை நெம்பினோம். அது சட்டத்தை விட்டுக் கழன்று வந்தது.

"தலையை விடும்" என்றேன்.

மச்சான் தலையை விட்டார். தோள் மாட்டியது. ஆச்சி விளக்கெண்ணெய்க் குப்பியை எடுத்து அவர் தோளில் கொட்டினார்கள். நானும் முதலாளியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். மார்பில் தோல் உரிந்தது. இடுப்பு வந்தது. கால் உள்ளே வந்து விழுந்தபோது ஆச்சியின் நாற்காலியும் சாய்ந்தது. எல்லோரும் தரையில் கிடந்தோம்.

கொஞ்ச நேரத்தில் வெளியே பெரிய சத்தம். தேர் இன்னும் இறங்கி அச்சு சுவரைக் கீறியது. அவர் நின்றிருந்த இடத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"காரை எடு" என்றார் மச்சான். நான் அவருக்குத்தான் என்று நினைத்தேன். அவர் ஆச்சியைக் காட்டினார். ஆச்சிக்கு நன்றாக இழுத்தது. கார் மில்லில் நிற்கிறது. வாசலில் திருவிழாக் கூட்டம். மச்சான் எண்ணெயும் ரத்தமுமாக எழுந்தார். ஆச்சியை இரண்டு கையிலும் தூக்கினார். கூட்டம் விலகியது. கார் வந்தால் விலகாத கூட்டம் அவரைப் பார்த்ததும் விலகியது. நான் முன்னால் ஓடினேன். மில் வாசலில் காரை வெளியே எடுத்தபோது அவர் வந்து சேர்ந்துவிட்டார்.

"சொன்னேம்லா" என்றார். மூச்சு வாங்கியது. "மூட்டையவிடக் கனமில்ல."

ஆச்சி பேச முடியாமல் அவர் கையில் ஓர் அடி அடித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஜாக்கி போட்டுத் தேரைத் தூக்கி, இரும்புத் தகடு போட்டு நகர்த்திவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு ஆள் வந்து சொன்னான். ஆச்சி இரண்டாம் முறையும் பிழைத்தார்கள்.

அந்தக் குழியில் கருங்கல் ஜல்லி போட்டு நிரப்பினோம். முதலாளி மறுபடி தோண்டவில்லை. பழைய லாரி டயருக்குள் சிமெண்டு ஊற்றி, அதே கம்பத்தை நடுவில் நிறுத்தினோம். தரையைத் தோண்ட வேண்டாம். கார் வந்தால் சாய்த்து உருட்டி ஓரம் வைக்கலாம். தேருக்கு உருட்டி நடையில் வைக்கலாம். பூட்டு வேண்டியதில்லை. அதன் கனத்தைப் பார்த்தே பாதிப்பேர் போய்விடுவார்கள்.

ஜன்னல் கம்பியை ஆச்சி சரிபண்ண விடவில்லை. கழன்ற கம்பி கழன்றபடியே இருந்தது. வளைந்தது வளைந்தபடி. திருடன் வருவான் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார்.

மறு வருஷம் தேர் அந்த மூலைக்கு வந்தபோது மச்சான் அதே பக்கம்தான் நின்றார். என் மனைவி வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அவர் குதிகாலால் அந்த இடத்தை மிதித்தார். இந்தத் தடவை ரெண்டு மிதி. பிறகு ஜன்னலைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. ஆச்சி நாற்காலியில் இருந்தார்கள். பக்கத்தில் விளக்கெண்ணெய்க் குப்பி.

நான் என் பக்கம் கட்டை கொடுத்தேன்.