பழனாயியின் பேரிக்காய்

பனியன் கம்பெனியில் காலை டீக்கு மெஷின்கள் நின்ற நேரத்தில்தான் பாண்டியம்மாளுக்குப் போன் வந்தது. பக்கத்து டேபிளில் செக்கிங் பார்த்த பழனாயி விடியற்காலையில் இறந்துவிட்டாள். காய்ச்சலோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தவள்.

"பாவமுங்க," என்றார் சூப்பர்வைசர் தரணீதரன். "ஷிப்மென்ட் இருக்குதுங்களே, அவங்க பீஸையும் நீங்களே பார்த்துருங்க."

பாவமாம்! வருஷா வருஷம் அவளுடைய பேரிக்காயைத் தின்ற வாய்தான் இது.

பழனாயிக்குச் சொந்த ஊர் கொடைக்கானல் மேல்மலை. அப்பா நட்ட பேரி ஒட்டுக்கன்று உறைபனியில் கருகிப்போக, அடிக்கட்டையிலிருந்து காட்டுத்துளிர் ஒன்று கிளம்பியது. ஆட்டுக்காவது ஆகட்டும் என்று விட்டார்கள். அது மரமாகிக் காய்த்தது. சொரசொரத்த செம்பழுப்புத் தோல். பறித்ததும் கடித்தால் பல்தான் போகும். ஆவணியில் சாக்கில் வரும் காய்களைப் பழனாயி பனியன் வேஸ்ட்டுக்குள் புதைத்து வைப்பாள். சில நாளில் யூனிட்டே மணக்கும். சதை வெண்ணெயாகக் கரையும். நடுவில் மட்டும் மணல்போல் நறநறக்கும். விதை போட்டால் அந்த ருசி வராது. குச்சி வெட்டி ஒட்டுக் கட்டினால்தான் உண்டு.

இருந்தது அந்த ஒரு மரம். நிலத்தை வாங்கியவர் விடுதி கட்ட அதை மறுநாளே வெட்டப்போகிறார் என்று தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போய்க் குச்சிகளை வெட்டி வந்தாள். ஒட்டுக் கட்டுவதற்கான கன்றுகள் அடுத்த மலையில், சித்தி தோட்டத்தில். அங்கே போக லீவு கேட்டாள்.

"ஏனுங்க, ஒரு பேரிக்காய்க்கு லீவுங்களா? சந்தையில கூடை கூடையா கெடக்குதுங்க."

"அப்ப ஊட்டுக்காரம்மாவுக்குன்னு எங்கிட்ட எதுக்கு சார் கேட்டு வாங்குனீங்க? சந்தையில வாங்குறது?"

வரிசையே சிரித்தது. லீவு கிடைக்கவில்லை.

தான் தங்கியிருந்த தகரக் கூரை அறையில் வெந்துவிடும் என்று, குச்சிகளை ஈரப் பனியன் துணியில் சுற்றி டேபிளுக்கு அடியில் வைத்திருந்தாள். காய்ச்சலிலும் தண்ணீர் தெளித்தாள். இப்போது பாண்டியம்மாள் குனிந்து பார்த்தாள். காணோம்.

"இங்கிட்டு இருந்த ஈரத்துணிச் சுருட்டு எங்க சார்?"

"வேஸ்ட்டுன்னு நெனச்சு மூட்டையில போடச் சொன்னேனுங்க. வண்டி அப்பவே போயிருச்சே."

"பிரிச்சுப் பாத்தீகளா? அவ உசுரையே அதுலதான வச்சிருந்தா! தின்னத் தெரிஞ்சுச்சு, ஒரு தடவை பிரிச்சுப் பாக்கத் தெரியலையா?"

தரணீதரன் போனை எடுத்துக் காதில் வைத்தார். டீ நேரம் முடிந்து மணி அடித்தது. யாரும் உட்காரவில்லை.

பழனாயியின் டிராயரில், தண்டு பருத்தாலும் இறுக்காமல் நீளும் ரிப் துணி ஒட்டுக் கட்டுவதற்கு நாடாக்களாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. கடைசித் துணி பாதிவரைதான் வெட்டப்பட்டிருந்தது.