வெள்ளைக் காளையின் பக்கம்

பழைய காளைப் பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. பால்பண்ணைக்காரர்கள் சினை ஊசிக்குக் காளை தெரிவு செய்யும் வழவழப்பான புத்தகம். அதில் அங்கஸ் இனக் காளையின் படத்துக்குக் கீழே அண்ணையின் நகக் கீறல் இன்னும் தெரிகிறது. அண்ணை மன்னார்க்காரர், ஜேர்மனியில் ஊன்ட்றொப்புக்கு அருகே ஒரு பண்ணையில் என்னோடு மாட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர்.

அந்த வருடம் முதலாளியம்மா இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் போகுமுன், பால்மாடுகளை இறைச்சி இனத்தோடு கலந்து கன்று எடுக்கப்போவதாகச் சொல்லி, எந்த இனம் என்பதை எங்கள் இருவரிடமும் விட்டுவிட்டார். நான் வளர்ச்சி வீதம், தசைத் திரட்சி என்று அட்டவணைகளை எல்லாம் கரைத்துக் குடித்து, சரோலே என்ற பெருத்த வெள்ளை இனத்தைச் சொன்னேன். உண்மைக் காரணம் எந்த அட்டவணையிலும் இல்லை. அது கோயில் நந்தி மாதிரி இருந்தது. மாட்டிறைச்சி தொடாதவன் இறைச்சி மாடு தெரிவு செய்தால் வேறென்ன நடக்கும்?

“உது தலையீற்றுப் பசுவுக்கு ஏலாது. அங்கஸ் கண்டு சின்னன், வழுக்கிக்கொண்டு வரும்,” என்று அண்ணை நகத்தால் கீறிக் காட்டினார். “நீ என்ன, தேர்த் திருவிழாவுக்கோ மாடு பாக்கிறாய்?”

“முதல்ல புத்தகத்தை வாசியுங்கோ அண்ணை,” என்றேன். ஊசி போட வந்தவரிடமும் நானே வெள்ளையைச் சொன்னேன்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு மத்தியானம், தலையீற்றுப் பசு ஒன்று கன்றை வெளியே தள்ள முடியாமல் கிடந்தது. இருவரும் கயிறு கட்டி இழுத்தோம். கன்று உயிரோடு வந்தது, வெள்ளை வெளேரென்று. தாய் பிறகு எழும்பவே இல்லை. மூன்றாம் நாள் மிருக வைத்தியர் வந்து அதன் வேதனையை முடித்துவைத்தார். முதலாளியம்மா தன் கையால் பால் பருக்கி வளர்த்த பசு அது.

இந்த இனத்தை யார் தெரிவு செய்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அண்ணையின் உடைந்த டொச் மொழி முந்திக்கொண்டது: “நான்தான்.”

வெளியே வந்ததும் “ஏன் அண்ணை?” என்றேன்.

“எனக்கு டொச் பாஸ்போட் கிடக்கு. நீ விசாவுக்கு அன்ட்ராக் எழுதிப் போட்டிட்டு நிக்கிறாய். வேலை போனா உன்ரை புத்தகமோ வந்து காப்பாத்தும்? போய்ச் சாணியை அள்ளு.”

அதன்பிறகு பட்டியல் அண்ணையின் கைக்குப் போகவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் என்று என்னிடமே வந்தது. வருடா வருடம் அங்கஸ் என்றே எழுதினேன். கன்றுகள் வழுக்கிக்கொண்டு வந்தன. மாடு பார்க்கக் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயரும் வந்தது. விசா வந்தது, பாஸ்போட்டும் வந்தது. உண்மையைச் சொல்லும் நேரம் மட்டும் வரவில்லை.

போன மாரியில் எசன் நகரில் அண்ணையை அடக்கம் செய்தோம். முதலாளியம்மா தடி ஊன்றி வந்திருந்தார். “நல்ல மனிதர்,” என்றார். “மாட்டைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.” நான் தலையாட்டினேன்.

நேற்று இந்த வருடப் பட்டியல் வந்தது. பழையதைப் பக்கத்தில் விரித்துவைத்து, கீறல் இருந்த அதே இனத்துக்கு நேரே அடையாளம் போட்டேன். படிவத்தின் அடியில், தெரிவு செய்தவர் என்ற இடத்தில், வழக்கம்போல என் பெயரை எழுதினேன்.